11 வரித் திருத்தத்துக்கு ஏன் ஒரு புதிய கம்பைலர்?

திறமூல சி++ நிரலகங்களைப் பராமரிக்கும் தமிழ் நிரலாளர்களுக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு திறந்த மடல்

பராமரிப்பாளர்களே,

2024 கார்த்திகையில் உங்களில் ஒரு குழு வெளியிட்ட நிரலகப் (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு) பதிப்பின் குறிப்பில் இரண்டு வரிகள் இருந்தன. வேண்டுமென்றே கெடுத்த கோப்பைத் திறந்தால் நினைவக எல்லை மீறப்படும் வழு திருத்தப்பட்டது என்றது முதல் வரி. இனி ஜிசிசி 13 அல்லது அதற்குப் பிந்திய கம்பைலர் தேவை என்றது இரண்டாம் வரி. (நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றுவது கம்பைலர்; அவற்றில் ஒன்று ஜிசிசி.) பதிப்பு எண்ணில், சிறு திருத்தங்களைக் குறிக்கும் கடைசி இலக்கம் மட்டுமே மாறியிருந்தது. அந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டியது பற்றித்தான் இந்த மடல்.

நிரலகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பழி அந்தக் குழுவோடு நின்றுவிடும். பழக்கமோ அவர்களோடு நிற்கவில்லை. தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சென்னையிலும் கொழும்பிலும் இருந்தபடி இத்தகைய நிரலகங்களில் வேலை செய்யும் தமிழர்கள் பலர். இதே முறைப்பாட்டை ஆங்கிலத்தில் எழுதியபோது, கம்பைலரைப் புதுப்பியுங்கள் என்ற இரண்டு சொல்லோடு கதவைச் சாத்திவிட்டார்கள். (பாடநூலில் தொகுப்பான் என்று எழுதுகிறோம்; ஆய்வுகூடத்தில் அப்படிச் சொல்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆகவே கம்பைலர்.)

நெடுந்தீவில் ஒரு கடற்றொழிலாளர் சங்கத்துக்கு நிறுவை மென்பொருள் எழுதிக் கொடுத்து, அதை ஏழு ஆண்டுகளாகப் பார்த்தும் வருகிறேன். காலையில் வள்ளங்கள் கரைக்கு வந்ததும் நண்டும் கணவாயும் பாரையும் தராசில் ஏறும். தராசு எடையைக் கணினிக்குச் சொல்லும். கணினி அதை அன்றைய விலையால் பெருக்கிச் சிட்டை அச்சிடும். அந்தச் சிட்டையைப் பார்த்துத்தான் சம்மாட்டியும் தொழிலாளிகளும் பங்கு பிரிப்பார்கள். விலைப்பட்டியல் வாங்குவோரிடமிருந்து சுருக்கிய விரிதாள் கோப்பாக வருகிறது, பெரும்பாலும் யாரோ ஒருவரின் பென்டிரைவில். அந்த பென்டிரைவ் அதற்கு முன் எந்தெந்தக் கடைக் கணினிகளில் புகுந்து வந்ததென்று கடவுளுக்குத்தான் தெரியும். கோப்பைத் திறப்பது உங்கள் நிரலகம். ஆகவே முதல் வரியில் நீங்கள் சொன்ன வழு எனக்கு வெறும் செய்தி அல்ல; ஏதாவது செய்தே ஆக வேண்டிய வேலை.

அங்கே இருப்பது 2 ஜிகாபைட் நினைவகமுள்ள 32 பிட் கணினி. வெளிநாட்டில் வாழும் ஊர்க்காரர்கள் கப்பலில் அனுப்பிய பழைய கணினிகளில் ஒன்று. அதை ஏன் மாற்றவில்லை என்று கேட்பீர்கள், எல்லாரும் கேட்கிறார்கள். தராசின் கம்பி பழைய சீரியல் போர்ட்டில் செருகுவது. இன்றைய மலிவு மடிகணினிகளில் அந்தத் துளையே இல்லை. யூஎஸ்பிக்கு மாற்றும் கம்பி போட்டுப் பார்த்தோம், உப்புக் காற்றில் சில மாதங்களுக்கு ஒன்று பழுதானது. புதுக் கணினிக்கென்று சங்கம் பணமும் சேர்த்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவானது. அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. கணினிக்குச் சேர்த்த பணம் வள்ளங்களின் எஞ்சினுக்குள் போயிற்று. வேறெங்கே போகும்?

நெடுந்தீவுக்குத் தேசிய மின்கம்பி போவதில்லை. தீவிலேயே டீசல் இயந்திரம் ஓட்டி மின்சாரம் கொடுக்கிறார்கள். நான் அங்கே போவதென்றால் பண்ணைப் பாலம் கடந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் வரை பஸ், பிறகு ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகு. நிறுவைக் கணினியை இணையத்தோடு இணைக்கவில்லை. அது என்னுடைய முடிவு, இன்றும் நல்ல முடிவென்றே நினைக்கிறேன். ஆனால் அதனால் ஒவ்வொரு திருத்தத்தையும் கையில் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

தீவில் இருப்பதைப் போலவே அச்சொட்டாக இன்னொரு கணினியை என் பட்டறையில் வைத்திருக்கிறேன். இரட்டைப் பிள்ளை என்று என் மருமகள் அதற்குப் பெயர் வைத்தாள். இரண்டிலும் லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 11, அதோடு வந்த ஜிசிசி 10.2. முதல் நாள் உங்கள் புதிய பதிப்பை அதில் தொகுத்தேன். திரை திரையாகப் பிழைகள் ஓடின, எல்லாம் டெம்பிளேட் பெயர்கள், ஒன்றுக்குள் ஒன்று. உன் கம்பைலர் பழையது என்று ஒரு வரிகூட அவற்றில் இல்லை. குறிப்பின் இரண்டாம் வரியை நான் வாசித்துத்தான் இருந்தேன். ஆனால் கடைசி இலக்கம் மட்டும் மாறிய ஒரு பதிப்பு உண்மையாகவே அப்படிச் செய்யாது என்று நம்பினேன். அது என் பிழை.

இயங்குதளத்தைப் புதுப்பித்தால் தீருமா என்று அடுத்துப் பார்த்தேன். அப்போது டெபியனின் நடப்பு நிலையான பதிப்பு 12. 2023 ஜூனில் வந்தது. அதிலுள்ள கம்பைலர் ஜிசிசி 12.2. நீங்கள் கேட்டது 13. அதாவது அந்தப் பழைய கணினியைக் கடலில் எறிந்துவிட்டு, யாழ்ப்பாணம் நகரில் அன்று காலை வாங்கிய புத்தம் புதிய கணினியில் அன்றைய டெபியனை ஏற்றியிருந்தாலும், அதன் சொந்தக் கம்பைலரால் உங்கள் நிரலகத்தைத் தொகுத்திருக்க முடியாது. பழைய கம்பைலர் என்று நீங்கள் ஒதுக்கியது அன்று டெபியன் உலகுக்கே கொடுத்துக்கொண்டிருந்த கம்பைலரை. இந்த ஒரு விடயத்தை நான் யாரிடம் சொன்னாலும் முதலில் நம்ப மறுக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 இல் ஜிசிசி 14 இருக்கிறது, உண்மை. ஆனால் அதில் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி இல்லை.

ஆகவே ஜிசிசி 13 ஐ மூலத்திலிருந்து நானே கட்டத் தொடங்கினேன். நான்கு வேலைகளை ஒரே நேரத்தில் ஓட விட்டேன். நினைவகம் போதாமல் லினக்ஸ் நடுவழியில் கம்பைலரைக் கொன்றுபோட்டது. ஒன்றாகக் குறைத்துவிட்டுப் படுக்கப் போனேன். ஜிசிசி தன்னைத் தானே மூன்று முறை கட்டிக்கொள்வது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருக்கிற கம்பைலரால் ஒரு முறை, அப்படிப் பிறந்ததால் இன்னொரு முறை, அதனால் மீண்டும் ஒரு முறை. இரண்டாவதும் மூன்றாவதும் பைட்டுக்குப் பைட் ஒத்திருக்கின்றனவா என்று கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்கும். அழகான ஏற்பாடு, வேறொரு நாளில் ரசித்திருப்பேன். மூன்றாம் சுற்றில் மின்சாரம் நின்றது. யூபிஎஸ் பத்து நிமிடம் தாங்கியது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று பார்த்தால், பாதி எழுதப்பட்ட ஏதோ ஒரு கோப்பினால் ஒப்பீடு தவறியது. மறுபடியும் முதலாம் சுற்று.

வேகமான கணினியில் கட்டி எடுத்துப் போக வேண்டியதுதானே என்று உங்களில் ஒருவர் இந்த இடத்தில் கேட்பார். செய்தேன். என் மடிகணினியில் கட்டிய நிரல் இரட்டைப் பிள்ளையில் ஓட மறுத்தது. லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நிரலகமான ஜிலிப்சியில் அது தேடிய பதிப்பு அங்கே இல்லை. எல்லாவற்றையும் உள்ளே திணித்து நிலையாக இணைத்தபோது ஓடியது. ஆனால் நான் இல்லாத நாளில் சங்கத்துப் பையன் ஒருவன் அந்தக் கணினியிலேயே மூலத்தைத் திறந்து, திருத்தி, தொகுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஏழு ஆண்டுகளாக நான் பேணிவந்த ஒழுங்கு. இரண்டு பேரைப் பழக்கியும் இருக்கிறேன். வெளியில் கட்டி மூடிக் கொண்டுபோகும் நிரல் அவர்களை மறுபடியும் என் வாசலில் காத்து நிற்பவர்களாக்கும்.

இதற்கிடையில் வெளியிலிருந்து வரும் எந்தக் கோப்பையும் திறக்க வேண்டாம் என்று சங்கச் செயலாளருக்குச் சொல்லிவிட்டேன். விலைகளைத் தொலைபேசியில் கேட்டுக் கையால் தட்டினார்கள். ஒரு நாள் நண்டின் விலையில் ஒரு பூச்சியம் விடுபட்டது. ஒரு வீட்டின் ஒரு நாள் உழைப்பு ஒரு பின்னேரம் முழுவதும் வாய்த்தர்க்கமாகிப் போனது. செயலாளர் களவு செய்தார் என்றுகூட ஒருவர் சொல்லிவிட்டார். அந்தச் சொல் இன்னும் முற்றாக ஆறவில்லை.

நான்காம் நாள் காலை, முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். உங்கள் இரண்டு பதிப்புகளுக்கும் இடையில் என்ன மாறியது என்று வரி வரியாகப் பார்த்தேன். பாதுகாப்புத் திருத்தம் 11 வரிகள். கோப்பு தன் நீளம் என்று சொல்வதை அப்படியே நம்பி நகலெடுக்காமல், உள்ளே உண்மையில் எத்தனை பைட் இருக்கிறதென்று முதலில் பார்க்கும் ஒரு நிபந்தனை. பொருந்தாவிட்டால் ஒரு பிழைச் செய்தி. சி++ மொழியின் 1998 ஆம் ஆண்டுத் தரத்திலேயே எழுதக்கூடிய நிரல் அது. பிறகு ஜிசிசி 13 எதற்காகத் தேவைப்பட்டது என்று தேடினேன். 2020 ஆம் ஆண்டுத் தரமான சி++ 20 கொண்டுவந்த ஃபார்மட் வசதி. ஜிசிசியில் அது 13 ஆம் பதிப்பில்தான் வந்தது. உங்கள் நிரலகம் முழுவதிலும் அது வருவது மூன்று இடங்களில். மூன்றும் பிழைச் செய்தியில் ஓர் எண்ணைச் செருகுவதற்காக.

பழைய பதிப்பின் மேல் அந்த 11 வரிகளை ஒட்டினேன். ஜிசிசி 10.2 ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் தொகுத்தது. இரட்டைப் பிள்ளையில் சோதித்து, பென்டிரைவில் எடுத்துக்கொண்டு புறப்படத் தயாரானபோது மழை தொடங்கியது. உயர்தரப் பரீட்சையையே ஒத்திவைத்த அந்த மழை. படகு ஓடவில்லை. கடல் ஆறி நான் தீவில் இறங்கியபோது டிசம்பர் பிறந்துவிட்டது.

மழைக்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் திருத்தம் மட்டும் தனியாக வந்திருந்தால், மழைக்கு முன்னரே போய்த் திரும்பியிருப்பேன்.

இனி உங்கள் பக்கம். இதைச் சொல்லும் நானும் சுத்தமானவன் அல்லன்.

யூனிகோடுக்கு முந்திய பழைய எழுத்துருவான பாமினியில் தட்டிய கோப்புகளை யூனிகோடுக்கும், யூனிகோடிலிருந்து பாமினிக்கும் மாற்றும் சிறு நிரலகம் ஒன்றைப் பராமரிக்கிறேன். 2019 இல் அதைச் சி++ 17 க்கு உயர்த்தினேன். ஸ்ட்ரிங் வியூ என்ற வசதியின் மேல் எனக்கு ஆசை, வேறு காரணம் எதுவும் இல்லை. அதற்கு ஜிசிசி 7 வேண்டும். உபுண்டு 16.04 என்ற லினக்ஸில் இருந்தது ஜிசிசி 5.4, அந்த உபுண்டுவுக்கு 2021 ஏப்ரல் வரை ஆதரவுக் காலம் இருந்தது. நான் அதைப் பார்க்கவேயில்லை. அதே பதிப்பில், ‘ஸ்ரீ’ என்ற எழுத்து உடைந்து வரும் ஒரு வழுவையும் திருத்தியிருந்தேன்.

வடமராட்சியில் ஓர் அச்சகம் அந்த நிரலகத்தைப் பயன்படுத்துகிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. கல்வெட்டு அடிப்பவர்கள். வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால், 31 ஆம் நாள் நினைவுக்கு அவருடைய வாழ்க்கைக் குறிப்பும் தேவாரமும் உறவினர் புலம்பலும் சேர்த்து ஒரு சிறு நூல் அடித்துக் கொடுப்பார்கள், அதுதான் கல்வெட்டு. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து யூனிகோடில் எழுதி அனுப்புவார்கள். அச்சகத்தின் பக்க அமைப்பு எல்லாம் பாமினியில் இருக்கும். இறந்தவரின் பெயர் ஸ்ரீயில் தொடங்கியது. அட்டையில் பெயர் உடைந்து நின்றது. திருத்தம் என் புதிய பதிப்பில் இருந்தது. புதிய பதிப்பு அவர்களின் உபுண்டுவில் தொகுபடவில்லை. இரவு பதினொன்றரைக்கு அந்த அச்சகத்துத் தம்பி எங்கிருந்தோ என் இலக்கத்தைத் தேடி எடுத்து அழைத்தார். அவர் கோபப்படவில்லை. “அண்ணை, 31 ஆம் நாளை ஒத்திவைக்க முடியாது” என்று மட்டும் சொன்னார். மோட்டார் சைக்கிளில் போய் விடியும்வரை இருந்து சரிசெய்து கொடுத்தேன். மறுவாரம் நிரலகத்தைச் சி++ 11 க்கே இறக்கினேன்.

ஆகவே, திருத்தத்தையும் கைவிடுதலையும் ஒன்றாகக் கட்டுவது எவ்வளவு இலகுவாக நடந்துவிடுகிறது என்று எனக்குத் தெரியும். கெட்ட எண்ணம் எதுவும் வேண்டியதில்லை. பின்னேரம் வேலை முடிந்து வந்து, சம்பளமில்லாமல், இரண்டு மாற்றங்களும் ஒரே கிளையில் கிடப்பதால் ஒன்றாகவே வெளியிட்டுவிடுகிறோம். அவ்வளவுதான்.

பழைய கம்பைலரைத் தாங்குவதன் சுமையும் தெரியும். சி++ 11 ஐ ஜிசிசி 4.8 ஆதரிக்கிறது என்று சொல்வார்கள். ஆனால் எழுத்து வடிவங்களைத் தேடும் அதன் ரெஜெக்ஸ் பகுதி முடிக்கப்படாமலே வெளிவந்தது. நிரல் ஒழுங்காகத் தொகுபடும், ஓடும்போது பிழைக்கும். 4.9 இல்தான் அது வேலை செய்தது. அந்த ஒன்றுக்காக நான் எழுதிய சுற்றுவழிகளை இன்று வாசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. சேவையகங்களில் ஓடும் லினக்ஸான சென்டோஸ் 7 இல் இருந்தது அந்த 4.8 தான். 2024 ஜூன் 30 உடன் சென்டோஸ் 7 இன் ஆயுள் முடிந்தது. அன்றே நானும் 4.8 ஐ விட்டேன். ஓராண்டுக்கு முன்பே அறிவித்திருந்தேன். இரண்டு பேர் எழுதினார்கள். ஒருவர் தன் சேவையகத்தை மாற்றிக்கொண்டார், மற்றவருக்குப் பழைய கிளையில் ஒரு திருத்தம் போட்டுக் கொடுத்தேன். யாரும் என்னை நள்ளிரவில் எழுப்பவில்லை.

எல்லாப் பழைய கம்பைலரும் ஒன்றல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இங்கே தனியார் வகுப்புகளில் இன்னும் டெவ்-சி++ 5.11 ஐப் பென்டிரைவில் கைமாற்றிக்கொள்கிறார்கள். 2015 இல் வந்தது, உள்ளே ஜிசிசி 4.9.2. அந்தப் பிள்ளைகளுக்காக நீங்கள் எதையும் சுமக்க வேண்டாம். அது தேவையால் வந்த பழைமை அல்ல, ஆசிரியரின் சோம்பல். புதியதை அந்தப் பென்டிரைவில் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. நான் பேசுவது, தயாரித்தவர்களே இன்னும் ஆதரவு கொடுத்துக்கொண்டிருக்கும் இயங்குதளத்தில் இருக்கும் கம்பைலரைப் பற்றி. டெபியன் 11 க்கு 2026 ஆகஸ்ட் 31 வரை நீண்டகால ஆதரவு இருக்கிறது, 32 பிட்டுக்கும் சேர்த்து. உங்கள் நிரலகம் டெபியனின் பொதிகளில் ஒன்றாக இருந்திருந்தால் அவர்களே அந்த 11 வரிகளைப் பழைய பதிப்பில் ஒட்டிக் கொடுத்திருப்பார்கள். அது அவர்களிடம் இல்லை; உங்களிடமிருந்து நேராக எடுப்பவர்கள்தான் எல்லாரும்.

லினக்ஸின் உள்மையமான கருவகத்தைப் பாருங்கள். உலகின் மிகப் பெரிய நிரல்களில் ஒன்று. 2021 இன் 5.15 பதிப்பு முதல் ஜிசிசி 5.1 போதும் என்று இருந்தார்கள். 2025 இன் 6.16 இல்தான் அதை ஜிசிசி 8 ஆக்கினார்கள். ஜிசிசி 8 பிறந்தது 2018 இல். தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ்கியூஎல், சி மொழியின் 1999 ஆம் ஆண்டுத் தரமான சி99 ஐக் கட்டாயமாக்கியது 2019 இல் வந்த 12 ஆம் பதிப்பில். இவர்கள் எல்லாரும் நவீனத்துக்குப் பகையானவர்கள் அல்லர்.

எனக்கு மிகவும் பிடித்தது, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் குழு 2017 இல் செய்த காரியம். சி99 இன் ஒரு வசதி தங்களுக்கு வேண்டியிருந்தது, எத்தனை பேரின் கம்பைலர் அதைத் தாங்கும் என்று தெரியவில்லை. அதை ஒரேயோர் இடத்தில் மட்டும், எல்லாரும் கட்டாயம் தொகுக்கும் ஒரு கோப்பில் போட்டார்கள். இது ஒரு பரிசோதனை, யாருடைய கம்பைலரிலாவது உடைந்தால் முறைப்பாடு வரும் என்பதுதான் எண்ணம். எதிர்ப்பு வந்தால் திரும்பப் பெறுவது ஒரே இடத்தில் முடிந்துவிடும். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று ஆளுயரப் பட்டங்களை ஏற்றுகிறவர்களும் காற்றைப் பார்த்த பின்தான் நூலை விடுவார்கள். நீங்கள் மூன்று இடத்தில் போட்டதும் ஏறத்தாழ அதே அளவு சிறியதுதான், ஆனால் யாரையும் கேட்காமல் போட்டீர்கள்.

ரஸ்ட் மொழிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைந்து வருகிறது. 2021 இன் 1.56 பதிப்பிலிருந்து ஒரு பொதி தனக்கு எந்தக் கம்பைலர் போதும் என்று தன் கோப்பிலேயே எழுதிவைக்கலாம். 2025 ஜனவரியில் வந்த 1.84 முதல், அதைப் பார்த்து உங்கள் கம்பைலருக்குப் பொருந்தும் பதிப்பைத் தேர்ந்தெடுக்கவும் ரஸ்டின் பொதி மேலாளரான கார்கோவுக்குத் தெரியும். சி++ இல் அப்படி ஒரு காவற்காரன் இல்லாததால், மனிதர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெளியே தெரியும் இடைமுகம் மாறவில்லை, ஆகவே கம்பைலரை உயர்த்துவது முறிக்கும் மாற்றம் அல்ல, கடைசி இலக்கம் போதும் என்று ஒரு வாதம் உண்டு. அதை நானும் கேட்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஒழுங்கையை, அதாவது வீட்டுக்குப் போகும் சிறு பாதையை, அடைத்த வழக்குகள் பேரப்பிள்ளை காலம்வரை நடக்கும். அங்கேயும் அடைத்தவர் இதையேதான் சொல்வார்: வீடு அப்படியேதான் இருக்கிறது, ஒரு கல்லும் அசையவில்லை. வீட்டுக்காரர் உள்ளே போவது எப்படி என்பதுதான் கேள்வி.

என் கோரிக்கைகளைச் சொல்கிறேன்.

பாதுகாப்புத் திருத்தத்தையும் கம்பைலர் உயர்த்தலையும் ஒரே வெளியீட்டில் வைக்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் மறுத்தாலும் இதை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். முதலில் திருத்தம், பழைய கம்பைலரில் தொகுபடும் நிலையில், தனி எண்ணோடு. உயர்த்தல் அதற்குப் பின், கடைசி இலக்கத்தில் அல்லாமல் கண்ணில் படும் இலக்கத்தில்.

எதை எப்போது கைவிடுவீர்கள் என்பதை யாரும் போய்ச் சரிபார்க்கக்கூடிய ஒன்றோடு கட்டிவையுங்கள். ஆண்டுக் கணக்காக இருக்கலாம், ஒரு குறித்த இயங்குதளத்தின் ஆதரவு முடியும் நாளாக இருக்கலாம். என்னைக் கேட்டால், டெபியனின் நடப்பு நிலையான பதிப்பையும் அதற்கு முந்தியதையும், உபுண்டுவின் கடைசி இரண்டு நீண்டகால ஆதரவுப் பதிப்புகளையும் கணக்கில் எடுங்கள் என்பேன். அதைவிடக் கூடுதலாகத் தாங்குவது உங்கள் பெருந்தன்மை. அதைவிடக் குறைத்தால், ஆறு மாதத்துக்கு முன், நிரலகத்தை எடுப்பவர் முதலில் பார்க்கும் வாசல் குறிப்பில் (ரீட்மீ) முதல் வரியாக எழுதுங்கள், எந்த வசதிக்காக உயர்த்துகிறீர்கள் என்பதையும் சேர்த்து. மூன்று பிழைச் செய்திகளுக்காக என்று எழுத நேர்ந்தால், எழுதும்போதே உங்கள் கை நிற்கும்.

கம்பைலர் பதிப்பைப் பார்த்து, போதாவிட்டால் ஒரே வரியில் சொல்லி நிறுத்தும் சோதனையைத் தலைப்புக் கோப்பின் தொடக்கத்தில் வையுங்கள். ஐந்து வரி வேலை. முதல் நாள் முழுவதும் எனக்கு மிஞ்சியிருக்கும்.

கடைசியாக, அந்தக் குழுவுக்கு மட்டும். 11 வரித் திருத்தத்தை உங்கள் முந்திய வரிசையின் மேல் ஒட்டி, ஜிசிசி 10.2 இலும் 12.2 இலும் சோதித்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். அது பதிலில்லாமல் கிடக்கிறது. அதை முந்திய வரிசையின் வெளியீடாக இடுங்கள். அந்த வரிசையைப் பார்க்க ஆளில்லை என்றால் என்னிடம் தாருங்கள். 2026 ஆகஸ்ட் 31 வரை நான் பார்க்கிறேன், அதற்குப் பின் நானே மூடிவிடுகிறேன்.

இப்படிக்கு,
பாமினி மாற்றி ஒன்றைப் பராமரிப்பவன்
யாழ்ப்பாணம்